நாற்காலி இல்லாத வகுப்பறை

நவம்பர் 11, திங்கள்

இன்று பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் கீழே விழுந்தது. குனிய முடியவில்லை. காலால் அதை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து எழுதினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். மணி அடித்ததும் முதல் பெஞ்சுப் பெண் அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தீபாவளிக்கு முன்பிருந்தே இப்படித்தான். இடுப்பில் தொடங்கி, இடது தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் தாண்டிக் கட்டைவிரல்வரை. எப்படிச் சொல்வது இந்த வலியை? பல்வலி காலில் வந்ததுபோல.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். ஆசிரியர்கள் எல்லாரும் மேடையில் ஏறிப் பாடினோம். நான் கடைசி வரிசையில் தூணில் சாய்ந்துகொண்டு வாயசைத்தேன்.

எங்கள் பள்ளி வகுப்பறைகளில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. நோட்டு வைக்க ஒரு மேஜை மட்டும். நாற்காலி போட்டால் டீச்சர் உட்காருவார், டீச்சர் உட்கார்ந்தால் பிள்ளைகள் தூங்கும் என்பது தாளாளர் சென்னகேசவன் சாரின் முடிவு. அட்மிஷனுக்கு வரும் பெற்றோரிடம் பெருமையாகச் சொல்வார்: "எங்க ஸ்டாஃப் உக்காந்து நீங்க பாக்கவே முடியாதுங்க." பார்க்க முடியாதுதான். ஒவ்வொரு வகுப்பிலும் கேமரா இருக்கிறது. காலை ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு, மாலை ஆறரைக்கு ஸ்டடி முடியும். நடுவில் ஃப்ரீ பீரியட் கிடைத்தால் ஸ்டாஃப் ரூம் பெஞ்சு. பிளஸ் டூ எடுப்பவர்களுக்கு ஃப்ரீ பீரியட் கடவுள் மாதிரி, இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான் என்பார் சாஜிதா பேகம். அவர் தாவரவியல், நான் வேதியியல். அடுத்தடுத்த வகுப்புகளில் நின்றே பழகியவர்கள்.

என் பிள்ளைகள் ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கேமராவுக்கு நேர்கீழே இருக்கும் மூலை அதில் விழாதாம். கடைசி பெஞ்சுக்காரர்கள் நகர்ந்து இடம் விட்டு, "மிஸ், இங்க வந்து டவுட் சொல்லுங்க மிஸ்" என்று கூப்பிடுகிறார்கள். டவுட் ஒன்றும் கிடையாது. போய் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறேன். திருடி மாதிரி.

நவம்பர் 20, புதன்

பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். எனக்கு நாற்பத்து நான்கு வயது.

நவம்பர் 23, சனி

கோயமுத்தூரில் டாக்டர் கௌதமனைப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் கதிரும் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். ஸ்கேனை விளக்கில் பிடித்துக் காட்டினார் டாக்டர். இடுப்பில் கடைசிக்கு முந்தின டிஸ்க் பிதுங்கி, இடது காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது. மாத்திரைக்கு அடங்கவில்லை என்றால் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார்.

அவசரப்படுத்தவில்லை. நிதானமாகச் சொன்னார். ஊசி டிஸ்க்கை உள்ளே தள்ளாது, நரம்பைச் சுற்றியுள்ள வீக்கத்தைத்தான் வற்றவைக்கும். சிலருக்குச் சில மாதம் தாங்கும், சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சர்க்கரை ஏறும். எனக்கு ஏற்கெனவே மாத்திரை போகிறது என்பதால் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு நாள் தூக்கம் கெடலாம், முகம் சிவக்கலாம், தலைவலி வரலாம். கிருமி தொற்றுவதும் ரத்தம் கட்டுவதும் மிக அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். அடிக்கடி போட்டால் எலும்பு தேயும். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும்.

"இந்த ஊசி உங்களுக்குக் கொஞ்சம் டைம் வாங்கிக் குடுக்கும். அந்த டைம்ல எக்சர்சைஸ் செஞ்சு முதுகைப் பலப்படுத்திக்கணும். அதுக்குத்தான் இது."

பிறகு என்ன வேலை என்று கேட்டார். டீச்சருங்க என்றேன்.

"நல்லதாப் போச்சு. உக்காந்து பாக்கற வேலை. நடுவுல எந்திரிச்சு ரெண்டு எட்டு நடந்துக்குங்க. லீவெல்லாம் வேண்டாம்."

"சரிங்க டாக்டர்" என்றேன்.

வெளியே வந்ததும் கதிர் கேட்டார், நாள் முழுக்க நிற்கிறேன் என்று ஏன் சொல்லவில்லை என்று. அவ்வளவு பெரிய டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே எப்படிச் சொல்வது? லீவு வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. பிளஸ் டூ வகுப்பை நடுவில் விட்டவர்களுக்கு எங்கள் பள்ளியில் அடுத்த வருஷம் கிடையாது. ஆங்கிலம் எடுத்த மிஸ் பிரசவத்துக்குப் போனார், திரும்பி வந்தபோது அவர் வகுப்பில் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார். மார்ச் வரைக்கும் நின்றுவிட்டால் போதும். அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும்.

நவம்பர் 30, சனி

ஊசி போட்டாயிற்று. குப்புறப் படுக்கவைத்து, முதுகில் ஜில்லென்று மருந்து தடவி, மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே மருந்து ஊசியை உள்ளே இறக்கினார் டாக்டர். ஒரு கணம் அந்தப் பழைய வலி முழுவதும் ஒரேயடியாகக் கால் வழியே இறங்கியது. "அதேதானே? அப்ப சரியான இடம்" என்றார். வலிக்குக்கூட விலாசம் இருக்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

தூக்கம் இல்லை. சர்க்கரை இருநூற்று எண்பது. முகம் சிவந்து சூடாக இருக்கிறது. "மிஸ், ஃபேஷியல் பண்ணீங்களா?" என்று கேட்கிறார்கள் பெண்கள்.

வலி அப்படியே.

டிசம்பர் 6, வெள்ளி

காலையில் எழுந்து பல் தேய்த்து, காபி போட்டு, இட்லிக்கு ஊற்றிவைத்த பிறகுதான் தெரிந்தது. எதுவோ குறைகிறதே என்று யோசித்தேன். வலி இல்லை.

அசையாமல் நின்றேன். அசைந்தால் வந்துவிடுமோ என்று பயம். பிறகு மெதுவாகக் குனிந்து தரையைத் தொட்டேன். கதிர் வந்து பார்த்துவிட்டு, "என்ன, கீழ என்ன தேடற?" என்றார். ஒன்றும் தேடவில்லை. அழுதுவிட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

சாக்பீஸ் விழுந்தது. நானே எடுத்தேன். பி பிரிவு முழுவதும் கை தட்டியது. எல்லாரும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

டிசம்பர் 20, வெள்ளி

நான் தெம்பாக இருப்பதைப் பார்த்து ஏ பிரிவின் மாலை சிறப்பு வகுப்பையும் எனக்கே கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உடற்பயிற்சி சொல்லித்தரும் இடம் இரவு எட்டு மணிக்கு மூடிவிடுகிறது. பள்ளி விட்டு, பஸ் ஏறி, பல்லடம் வந்து சேர்வதற்குள் அங்கே கதவு சாத்தியிருக்கும். மொத்தம் இரண்டு முறை போனேன். அரையாண்டு விடுமுறையில் போகலாம் என்று நினைத்தேன். விடுமுறையிலும் வகுப்பு உண்டு என்று இன்று சுற்றறிக்கை.

வலி இல்லாதபோது எதற்குப் பயிற்சி என்றும் தோன்றுகிறது. உண்மை அதுதான்.

ஜனவரி 5, ஞாயிறு

வந்துவிட்டது. இன்று காலை, துணி உலர்த்தும்போது. வழி மறக்கவில்லை அதற்கு.

ஜனவரி 8, புதன்

இன்று நாற்காலி கேட்டுவிடுவது என்று முடிவுசெய்து தாளாளர் அறைக்குப் போனேன். எப்படிப் பேச வேண்டும் என்று பஸ்ஸிலேயே பாடம் செய்திருந்தேன். டாக்டர் சொல்லியிருக்கிறாருங்க சார், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதுமுங்க சார், தேர்வு முடியும்வரைக்கும்தானுங்க சார்.

அவர் மேஜைக்கு முன்னால் இரண்டு குஷன் நாற்காலிகள் இருக்கின்றன. பெற்றோருக்கு. நான் அவற்றின் பின்னால் நின்றேன், எப்போதும்போல. "சொல்லுங்க டீச்சர்" என்றார் மரியாதையாக. அவர் யாரையும் மரியாதை குறைத்துப் பேசியது கிடையாது.

லேபில் இரண்டு பியூரெட் குழாய் உடைந்துவிட்டது சார் என்றேன். வாங்கிக்கலாமுங்க என்றார். வந்துவிட்டேன்.

நாற்காலி கேட்கப் போய் பியூரெட் கேட்டுவிட்டு வந்ததைச் சாஜிதாவிடம் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்த தடவ பியூரெட் கேளுங்க மிஸ், நாற்காலி வந்தாலும் வரும்." நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. எம்.எஸ்சி. படித்தவள். ஒரு நாற்காலி வேணும்னு கேக்க வாய் வரலையே! முதுகுக்குள்ள ஊசிய விட்டுக்க மட்டும் முடியுது. என்ன பிறவி நான்?

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்கப் போனோம். அம்மாவின் ஊர் காங்கேயத்துக்கு இந்தப் பக்கம்; பஸ் நின்று கிளம்புகிற ஒவ்வொரு குலுக்கலும் தொடையில் இறங்கியது. மகன் சபரீஷும் பெருந்துறை ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தான். நான் நடப்பதைப் பார்த்து, "அம்மா, இப்படிச் சாய்ஞ்சா நடப்ப?" என்றான்.

அம்மா காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர். பண்ணையத்து வாசலில் கூலிக்கு நிற்கும்போது அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் உட்காரமாட்டார்கள். உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு ஊசி போடப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டார், "மாட்டுக்கு ஊசி போட்டு வண்டியில பூட்டற மாதிரியல்ல இருக்குது கண்ணு?"

"வாத்தியார் வேலைம்மா, வண்டி மாடா?" என்றேன் கோபமாக.

"அதேன் கேட்டேன்" என்றார்.

ஜனவரி 25, சனி

இரண்டாவது ஊசி. டாக்டர் தயங்கினார். முந்தையது ஒரு மாதம்தான் தாங்கியிருக்கிறது, பயிற்சி செய்தீர்களா என்று கேட்டார். செஞ்சேனுங்க என்றேன். அவர் என்னை நம்பியது முகத்தில் தெரிந்தது. இது மெஷினுக்கு எண்ணெய் விடுவதுபோல அடிக்கடி விடுகிற விஷயம் இல்லை, இதற்கும் கேட்கவில்லை என்றால் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும் என்றார். காலைத் தூக்கச் சொன்னார், விரலை அழுத்திப் பார்த்தார். பலம் நன்றாக இருக்கிறதாம்.

மார்ச்தான் டாக்டர். மார்ச் முடியட்டும். இதையும் மனதுக்குள்தான் சொன்னேன்.

ஜனவரி 31, வெள்ளி

ஊசி கேட்டுவிட்டது. கடவுளே.

பிப்ரவரி 10, திங்கள்

செய்முறைத் தேர்வு. காலையிலிருந்து மாலைவரை லேபில் நின்றேன். உப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் ஒரு பையன் அழுதுகொண்டிருந்தான், பக்கத்திலேயே நின்று தைரியம் சொன்னேன். துளி வலியில்லை. இந்த ஊசியைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும். பொய்யாகச் சொல்லவில்லை. வலியில் கிடந்தவளுக்குத்தான் வலியற்ற ஒரு நாள் என்னவென்று தெரியும்.

இடது கட்டைவிரல் மட்டும் மரத்ததுபோல இருக்கிறது. நின்றதால் இருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்காரம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, செருப்ப உட்டுப்போட்டுப் போறீங்க!" திரும்பிப் பார்த்தால் என் இடது செருப்பு அங்கே தனியாகக் கிடக்கிறது. கழன்றதே தெரியாமல் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். இருவரும் சிரித்தோம்.

வார் தளர்ந்துவிட்டது. பின்னால் வார் வைத்த செருப்பு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 26, புதன்

படியில் தடுக்கினேன். புதுச் செருப்பு பழகவில்லை.

மார்ச் 6, வியாழன்

பொதுத்தேர்வு தொடங்கிவிட்டது. வேதியியலுக்கு முன்னால் வருகிற இடைவெளி நாட்களில் முழுநாள் வகுப்பு. இன்று நான் வராந்தாவில் வரும்போதே வகுப்பு அமைதியாகிவிட்டது. உள்ளே போனால், ஒருத்தன் பெஞ்சில் கையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்: டப், தட், டப், தட். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். முகமெல்லாம் பயம். என்ன தாளம் என்று கேட்டேன்.  முதல் பெஞ்சுப் பெண் மெதுவாகச் சொன்னாள், "நீங்க நடக்கற சத்தம் மிஸ்."

வீட்டில் நடந்து பார்த்தேன். ஆமாம். வலது கால் வைக்கிறது. இடது கால் விழுகிறது.

வலிக்கவில்லையே? வலிக்காதபோது என்ன ஆகியிருக்க முடியும்? அன்றைக்கே வரச் சொன்னார் டாக்டர். காலில் பலம் குறைந்தால் என்றார். இது பலமா, பழக்கமா? இன்னும் சில நாள்தானே. இப்போது போனால் படுக்கவைத்துவிடுவார்கள்.

மார்ச் 22, சனி

வேதியியல் முடிந்தது. வினாத்தாள் எளிது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அங்கிருந்தே கதிரோடு கோயமுத்தூர் போனேன்.

குதிகாலால் நடந்து காட்டச் சொன்னார் டாக்டர். வலது கால் நின்றது. இடது பாதத்தை நான் தூக்கினேன். தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். அது தரையிலேயே கிடந்தது. யாருடையதோபோல.

அவர் குனிந்து என் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். எப்போதிலிருந்து என்றார். செருப்பைச் சொன்னேன். ஏன் வரவில்லை என்றார்.

"வலிக்கலைங்க டாக்டர்."

"நரம்பு சாகறப்பவும் வலி நின்னுரும்மா."

ஊசியால் இப்படி ஆயிற்றா என்று கதிர் கேட்டார், குரல் உயர்ந்திருந்தது. டாக்டர் கோபப்படவில்லை. டிஸ்க் மேலும் பிதுங்கியிருக்கும், அது ஊசி போடாவிட்டாலும் நடக்கக்கூடியதுதான், ஊசி வலியைத்தான் குறைத்தது, வலி இருந்திருந்தால் முன்னாடியே வந்திருப்பீர்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு இவ்வளவு வேகமாக இப்படி ஆகியிருக்கிறதே என்றார், தனக்குள் பேசுவதுபோல. கதிர்தான் சொன்னார், வகுப்பில் நாற்காலியே கிடையாது என்பதை. ஏழரையையும் ஆறரையையும்.

"நவம்பர்லயே சொல்லியிருந்தா நான் ரெஸ்ட்டுக்கு லெட்டர் குடுத்திருப்பேனேம்மா. நிக்க வேண்டாம்னு எழுதியிருப்பேனே" என்றார் டாக்டர்.

எழுதியிருப்பார். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனா?

மார்ச் 25, செவ்வாய்

நாளை ஆபரேஷன். பயமாக இல்லை. எதுவுமாக இல்லை.

ஏப்ரல் 9, புதன்

வீட்டில் இருக்கிறேன். அம்மா வந்திருக்கிறார். பாதம் தூக்கவில்லை. வரலாம், வராமலும் போகலாம், ஒரு வருஷம்வரை சொல்ல முடியாது என்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக்கில் ஒரு உறை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் பாதம் தொங்காது. கழற்றினால் தொங்கும். நாள் பூராவும் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அசை, அசை என்று. கடைசி பெஞ்சுப் பையனிடம் விடை கேட்டுக் காத்திருப்பதுபோல இருக்கிறது. அவனாவது ஏதாவது உளறுவான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை. கதிர் சாப்பாட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு மில்லுக்குப் போகிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

தாளாளர் வந்திருந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ். கார் வந்து நின்றதுமே கதிர் ஹாலில் இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் படுத்திருந்தேன். உறைகூட மாட்டியிருக்கவில்லை. அவர் உள்ளே வந்த சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன்? சுவரைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்து நின்றேன், ஒரு கால் மடங்கி. தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவும் எழுந்துவிட்டார். "வாங்க சாமி" என்றார், முந்தானையைத் தோளில் இழுத்துக்கொண்டே.

நாங்கள் மூவரும் நின்றோம். அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ, நீங்க உக்காருங்க டீச்சர்" என்றார். உட்காரவில்லை. பிள்ளைகள் வேதியியல் நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். எனக்காக அவர் வேண்டாத தெய்வமில்லையாம். பிறகு, உங்களுக்கு இனிமேல் ரெஸ்ட்தானுங்க முக்கியம், நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்க வேண்டாம், நாமக்கல்லிலிருந்து ஒரு பொண்ணு வந்திருக்குதுங்க, நல்லாச் சொல்லிக் குடுக்குது என்றார். காலெல்லாம் சரியானதும் பாக்கலாமுங்க. எங்கள் ஊரில் பாக்கலாமுங்க என்றால் இல்லை என்று அர்த்தம். எவ்வளவு மென்மையாகச் சொன்னார். நான் நன்றி என்றேன். நன்றிங்க சார் என்றேன்!

அவர் போனபின் அம்மா சொன்னார், தங்கமான மனுசன், ஊடு தேடி வந்திருக்கிறாரு பாரு என்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நீ எதுக்கும்மா எந்திரிச்ச? இது நம்ம ஊடு!"

"நீ எந்திரிச்சயே கண்ணு" என்றார். "அதேன்."

மே 9, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. பி பிரிவில் எல்லாரும் தேர்ச்சி. வேதியியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் படம் பேனரில் இருக்கிறதாம், சபரீஷ் பஸ்ஸிலிருந்து பார்த்தானாம். முதல் பெஞ்சுப் பெண்ணும் அதில் உண்டு. அவள் போன் செய்தாள். 

"மிஸ், சாக்பீஸ் கீழ விழுந்தா இனி யாரு எடுப்பாங்க மிஸ்?" என்றாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். 

மே 20, செவ்வாய்

விரல் அசையவில்லை.

ஜூன் 11, புதன்

பள்ளி திறந்து ஒரு வாரம் தாண்டிவிட்டது. காலை ஏழரைக்கு உடம்பு தானாக எழுந்து உட்காருகிறது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நான்கு பேர் டியூஷனுக்கு வருகிறார்கள். கட்டிலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். உட்கார்ந்தால் எனக்குப் பாடம் வரவில்லை. சமன்பாடு பாதியில் நிற்கிறது.

ஜூன் 16, திங்கள்

சாஜிதா போன் செய்தார். ரொம்ப நேரம் சுற்றி வளைத்துவிட்டு, "ப்ரியா மிஸ், உங்க ஊசி டாக்டர் நம்பர் இருக்குதுங்களா?" என்றார். இடுப்பில் தொடங்கி வலது காலில் இறங்குகிறதாம். மாத்திரை கேட்கவில்லையாம்.

 வேண்டாம் என்று சொல்வதா? அந்த டிசம்பர் காலையை நான் மறந்துவிட்டேனா? ஊசி எனக்குத் துரோகம் செய்யவில்லை. அது வாங்கிக் கொடுத்த நேரத்தை நான் எங்கே செலவழித்தேன் என்பதுதான் கேள்வி.

முதலில் நாற்காலி கேளுங்கள் என்றேன். "நீங்க கேட்டீங்களே, அது மாதிரியா மிஸ்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பசங்க பப்ளிக் எழுதற வரைக்குந்தான் மிஸ். மார்ச் வரைக்கும்" என்றார்.

நம்பர் கொடுத்தேன். நானும் கூட வாரேன் என்றேன்.

ஜூன் 21, சனி

சாஜிதாவும் நானும் கோயமுத்தூர் போய்வந்தோம். உறையை மாட்டி, அதன்மேல் ஷூ போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸில் அவர் என் காலைப் பார்க்காமலே பேசிக்கொண்டு வந்தார்.

டாக்டர் என்னிடம் முதலில் விசாரித்தார், விரலை அழுத்திப் பார்த்தார்.  பிறகு சாஜிதாவின் ஸ்கேன். அதே இடம், வலது பக்கம். பலம் இன்னும் குறையவில்லை. ஊசியின் நன்மை, கெடுதல் எல்லாம் சொன்னார், அன்று எனக்குச் சொன்ன அதே நிதானத்தோடு. சாஜிதா ஒவ்வொன்றுக்கும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார். அப்படித்தான் நானும் ஆட்டியிருப்பேன்.

இவங்களும் உங்க ஸ்கூல்தானா, இவங்களுக்கும் நிக்கற வேலைதானா என்று டாக்டர் என்னிடம் கேட்டார். மேஜைக்கடியில் சாஜிதா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். நான் வாய் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"அடிக்கடி உக்காந்துக்குவமுங்க டாக்டர். அப்படியொண்ணும் சிரமம் இல்லைங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நிக்கற வேலைங்க. உக்கார எடமில்லைங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று சாஜிதாவைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லவில்லை. என் கையைச் சாஜிதா விடவில்லை. வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். பிறகு அவர் பிடி மெல்லத் தளர்ந்தது.

"காலைல ஏழரைக்கு ஆரம்பிச்சா..." என்று தொடங்கினார் சாஜிதா.